உடைப்பு முதல் கஜா வரை

மலர்க் குழுவினர், "தஞ்சை வரலாறு பற்றி ஒரு கட்டுரை வேண்டும் சார்" என்று கேட்டார்கள. ராஜராஜனைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். ஆபத்துக் காலங்களில் நம் மாவட்டம் எப்படி இயங்கியது என்பதும் வரலாறுதான். யாரும் பெருமையாகப் பேசாத வரலாறு, அவ்வளவுதான்.

டெல்டாக்காரனுக்கு ஆபத்து என்றால் முதலில் உடைப்புதான். ஆற்றில் தண்ணீர் ஏறினால் லஸ்கர் கரையைச் சுற்றி வருவார், தலையாரி தமுக்கு அடிப்பார், ஊரே மண்வெட்டியும் சாக்குமாக ஓடும். 1924 ஜூலை வெள்ளம் இந்த ஏற்பாட்டையெல்லாம் மீறிப் போனது. 1934-இல் மேட்டூர் அணை முடிந்த பிறகே காவிரிக்கு ஒரு கடிவாளம் கிடைத்தது.

புயலுக்கு அணை ஏது? 1952 நவம்பரிலும் 1977 நவம்பரிலும் நாகைப் பக்கம் கரை கடந்த புயல்களை நம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அப்போது வேதாரண்யம் வரை ஒரே தஞ்சை மாவட்டம். நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கலெக்டர், சாய்ந்த மரங்களைத் தாண்டி எப்போது போய்ச் சேருவது? 1991-இல் நாகை தனி மாவட்டமானதை அரசியலாகவே பார்க்கிறோம்; எனக்கென்னவோ அதில் இந்த வசதியும் தெரிகிறது.

பிறகு கூட்டமும் தீயும். 1992 பிப்ரவரி 18 கும்பகோணம் மகாமகத்தில் நெரிசலில் ஏறத்தாழ ஐம்பது பேர் இறந்தார்கள். 1997 ஜூன் 7 பெரிய கோயிலில் யாகசாலைக் கீற்றுப் பந்தல் பற்றி எரிந்ததில் 48 பேர். 2004 ஜூலை 16 கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள். மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்: வெளியே வர வழி போதவில்லை. பந்தலும் கீற்றுக் கூரை, பள்ளியும் கீற்றுக் கூரை. ஏழு வருஷம் முன்னால் கோயிலில் படித்த பாடம் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேரவில்லை. பிள்ளைகள் போன பிறகுதான் பள்ளிகளில் கீற்றை அகற்ற அரசு உத்தரவிட்டது.

அதே ஆண்டு டிசம்பர் 26, சுனாமி. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் சாவு. பள்ளித் தீயின்போது தஞ்சை கலெக்டராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணனையே அங்கே அனுப்பினார்கள். லாரி லாரியாகத் துணி வந்து இறங்கியது, யாருக்கு எது தேவை என்று சொல்ல ஆளில்லை. தொண்டு நிறுவனங்கள் ஒன்றுகூடி ஒரு ஒருங்கிணைப்பு மையம் வைத்து, அரசோடு சேர்ந்து ஊர் ஊராகக் கணக்கெடுத்த பிறகுதான் வேலை ஒழுங்குக்கு வந்தது.

சம்பவ இடத்தில் யார் பேச்சை யார் கேட்பது என்ற இந்தக் கேள்வியை 1970 காட்டுத்தீக்குப் பிறகு கலிபோர்னியாவிலும் கேட்டார்கள். தீயணைப்பு, போலீஸ், மருத்துவம் எல்லாவற்றுக்கும் ஒரே தலைமை, ஒரே சொல்வழக்கு என்று ஒரு முறை வகுத்தார்கள். நம் நாட்டில் 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. 2010-இல் தேசிய ஆணையம் அந்த முறையை நமக்கேற்ப மாற்றி வழிகாட்டு நெறி வெளியிட்டது. மாவட்டத்தில் கலெக்டர் பொறுப்பு. 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்சும் வந்துவிட்டது.

பலன் உண்டா? 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா கரை கடக்குமுன் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை முகாம்களுக்குக் கொண்டு போயிருந்தார்கள். எதிர்க்கட்சியே பாராட்டியது. ஆனால் மறுநாள் முதல் கதை வேறு. கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை, விழுந்த தென்னைக்குக் கணக்கே இல்லை; ஜனங்கள் ரோட்டை மறித்தார்கள். உயிரைக் காப்பாற்றக் கற்ற அளவுக்குப் பிழைப்பைக் காப்பாற்ற நாம் கற்கவில்லை.

2016 மகாமகத்தில் குளத்துக்கு உள்ளே போக ஒரு வழி, வெளியே வர வேறு வழி. 2020 பிப்ரவரி 5 பெரிய கோயில் கும்பாபிஷேகத்துக்கு யாகசாலையைக் கோயிலுக்கு வெளியே திறந்தவெளியில் அமைத்தார்கள். இரண்டும் நல்லபடியாக நடந்தன. ஆனால் 2022 ஏப்ரல் 27 நள்ளிரவு தாண்டி, தஞ்சையை ஒட்டிய களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் போனார்கள். பெரிய தேரோட்டத்துக்கு மின்வாரியம் லைனை நிறுத்திக் கொடுக்கும். களிமேட்டில் அன்றிரவு லைன் ஓடிக்கொண்டிருந்தது.