பீட்டாட்ரோபின்: திரும்பப் பெறப்பட்ட கட்டுரை

அறிவியல் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த கட்டுரைகளில் ஒன்று, எழுதியவர்களே திரும்பப் பெற்றுக்கொண்டது. 2013இல் 'செல்' ஆய்விதழில் வந்தது. 2016 கடைசியில் போயிருச்சு.

ஹார்வர்டில் தவளை முட்டைகளை வைத்துக் கருவளர்ச்சியை ஆராய்ந்துகொண்டிருந்தவர் டக்ளஸ் மெல்ட்டன். 1991இல் அவருடைய கைக்குழந்தை சாமுக்கு முதல் வகை நீரிழிவு. தவளையை விட்டுவிட்டுக் கணையத்துக்கு வந்தார். பல வருஷம் கழித்து மகள் எம்மாவுக்கும் அதே நோய். நாம் இனிப்புநீர் என்கிறோம், மலாயில் கெஞ்சிங் மானிஸ்; பெயரில் மட்டும் இனிப்புக்குக் குறைச்சலில்லை. இந்த முதல் வகையில், இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடும்.

அழிந்ததை மறுபடி வளர்க்க முடியுமா? கணையத்தை வளரச் சொல்வது யார்?

கருவைப் பொறுத்தவரை ஒரு பழைய துப்பு இருந்தது. 1962இல் கோலோசோவ், குரோப்ஸ்டீன் இருவரும் எலிக்கருவின் கணைய மொட்டை, அதைச் சூழ்ந்திருந்த திசுவிலிருந்து பிரித்தெடுத்தார்கள். தனியே விட்டால் வளரவில்லை. நடுவில் நுண்துளை வடிகட்டியை வைத்து, மறுபக்கம் அந்தத் திசுவை வைத்தால் வளர்ந்தது. ஏதோ ஒன்று வடிகட்டியைத் தாண்டிப் போகிறது! அப்படிப்பட்ட சமிக்ஞைகளில் முக்கியமான ஒன்று எஃப்ஜிஎஃப்10 என்ற வளர்ச்சிக் காரணி என்று 2001இல் தெரிந்தது. அது இல்லாத எலிக்கருவில் கணைய மொட்டு தோன்றும், அதற்குமேல் சரியாக வளராது. இடையில் கிட்டத்தட்ட நாற்பது வருஷம்.

வளர்ந்த உடம்பில்? புதிய பீட்டா செல்கள் பெரும்பாலும் பழைய பீட்டா செல்கள் பிரிவதால்தான் வருகின்றன என்று 2004இல் மெல்ட்டனின் ஆய்வகம் எலிகளில் காட்டியது. அப்படியானால் பிரியச் சொல்லும் சமிக்ஞை எது?

2013இல் பெங் யியும் மெல்ட்டனும் பதில் சொன்னார்கள். இன்சுலின் ஏற்பியை முடக்கினால் எலியின் பீட்டா செல்கள் வேகமாகப் பெருகின. அப்போது கல்லீரலில் ஒரு மரபணு மும்முரமாக இயங்கியது. அதன் புரதத்துக்குப் பீட்டாட்ரோபின் என்று பெயர் வைத்தார்கள். அந்த மரபணுவைக் கல்லீரலில் செலுத்தியதும் பீட்டா செல் பெருக்கம் சராசரியாக 17 மடங்கு! இன்சுலின் ஊசிக்கே விடைகொடுத்தாச்சு என்கிற மாதிரி செய்திகள் வந்தன.

அடுத்த வருஷமே ரீஜெனரான் நிறுவன ஆய்வாளர்கள், அந்த மரபணுவே இல்லாத எலிகளிலும் பீட்டா செல்கள் பெருகுவதைக் காட்டினார்கள். மெல்ட்டன் மல்லுக்கு நிற்கவில்லை. வேறோர் ஆய்வகத்தோடு சேர்ந்து, எந்த எலிக்கு எது செலுத்தப்பட்டது என்று தெரியாமலே செல்களை எண்ண வைத்தார். 17 மடங்கு காணாமல் போயிருந்தது. முடிவைப் பிரசுரித்தார், பழைய கட்டுரையைத் திரும்பப் பெற்றார். இரண்டு பிள்ளைகளும் இன்சுலினில் இருக்கும்போது ஓர் அப்பா இதைச் செய்ததுதான் எனக்குப் பெரிசா தெரியுது.

இதற்கிடையே, 2014இல், அவருடைய ஆய்வகம் இன்னொரு வழியையும் திறந்திருந்தது. மனிதக் குருத்தணுக்களுக்கு, கருவில் நடக்கும் வரிசைப்படியே, வளர்ச்சிக் காரணிகளை நாள் கணக்கு பார்த்துக் கொடுத்து, தட்டிலேயே பீட்டா செல்களை வளர்த்தார்கள். அதில் சேரும் ஒரு காரணி எஃப்ஜிஎஃப்10க்கு நெருங்கிய சொந்தம். அந்தத் தொழில்நுட்பத்துக்காகத் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் செம்மா: சாமும் எம்மாவும் சேர்ந்தது.

அவ்வழியில் வந்த செல்களை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேருக்கு, ஓராண்டுக்குப் பிறகு இன்சுலின் தேவைப்படவில்லை என 2025இல் செய்தி வெளியானது. புதிய செல்களை உடம்பு தாக்காமலிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை மட்டும் அவர்கள் விடாமல் எடுக்கணும்.