மயக்கமும் நெஞ்சும்

அவலூர்பேட்டையில் இருந்து திருவண்ணாமலை போய், அங்கிருந்து வேலூர் பஸ் பிடிப்பதுதான் எங்கள் மாமாவுக்குத் தெரிந்த வழி. சந்தையில் மாடு பிடித்துப் பழகிய மனுஷன். எதற்கும் கலங்கி நான் பார்த்ததில்லை. பைபாஸ் ஆபரேஷனுக்கு முந்தின நாள் ராத்திரி மட்டும் மயக்க டாக்டரைப் பிடித்து வைத்துக் கேட்டார்: “கத்தி வெக்கறது கெடக்கட்டும் சார். மயக்கத்துலயே நெஞ்சு நின்னுப் போயிட்டா?”

டாக்டர் சிரிக்கவில்லை. “அது பழைய கேள்விங்க ஐயா. கேக்க வேண்டியதுதான்” என்றார்.

எவ்வளவு பழைய கேள்வி என்று பிறகுதான் தேடிப் படித்தேன்.

1847 நவம்பரில் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் குளோரோஃபார்மை அறிமுகப்படுத்தினார். மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1848 ஜனவரி 28 அன்று இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண், கால் நகம் ஒன்றை எடுப்பதற்காகக் குளோரோஃபார்ம் முகர்ந்து, சில நிமிடங்களில் செத்துப்போனாள். முதலில் நின்றது மூச்சா, நெஞ்சா? அடுத்த அறுபது வருஷத்துக்கு மருத்துவ உலகம் இதை வைத்துச் சண்டை போட்டது.

அந்தச் சண்டையின் பெரிய களம் நம் பக்கத்து ஹைதராபாத். அங்கே ரெசிடென்சி சர்ஜனாக இருந்த எட்வர்ட் லாரி, எடின்பரோவில் ஜேம்ஸ் சைமிடம் படித்தவர். மூச்சைக் கவனித்தால் போதும், குளோரோஃபார்ம் நேராக நெஞ்சைக் கொல்லாது என்பது குரு சொன்ன பாடம். 1888-இல் ஆய்வுக் குழு ஒன்றை அமைத்து நாய்களிடம் சோதித்து, பாடம் சரிதான் என்று அறிவித்தார். ‘லான்செட்’ பத்திரிகை நம்பவில்லை. ஆறாவது நிஜாம் மஹபூப் அலி கான் 1000 பவுண்டு கொடுத்து, ஆளை அனுப்பிப் பாருங்கள் என்றார். 1889-இல் லண்டனில் இருந்து லாடர் பிரண்டன் வந்து இறங்கினார். நாய், குரங்கு, ஆடு என்று நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. சந்தேகத்தோடு வந்தவரும் லாரியின் கட்சிக்கு மாறினார்.

இத்தனை உயிரைக் கொடுத்துப் பெற்ற முடிவு தவறு. 1911-இல் குட்மன் லெவி பூனைகளை வைத்து அதைக் காட்டினார். லேசான குளோரோஃபார்ம் மயக்கத்தில் இருக்கும் உடம்பில் அட்ரினலின் ஏறினால், இதயத்தின் கீழறைகள் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கும். அதோடு கதை முடிந்தது. அட்ரினலின் என்பது பயத்தில் நம் உடம்பே சுரப்பது. அரை மயக்கத்தில் பயந்து திமிறும் நோயாளியின் நெஞ்சு ஏன் திடீரென்று நிற்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது. மாமாவின் பயத்துக்கு நிஜமான தாத்தா பாட்டி இருந்திருக்கிறார்கள்.

குளோரோஃபார்ம் மெல்ல ஒதுங்கியது. 1956-இல் ஹாலோதேன் வந்தது, பிறகு ஐசோஃப்ளுரேன், செவோஃப்ளுரேன். வேலூர் சி.எம்.சி.யில் 1949-இல் ரீவ் பெட்ஸ் நெஞ்சறுவைத் துறையைத் தொடங்கினார். 1960-களில் அங்கே இதயத்தைத் திறந்தே அறுவை செய்தார்கள்.

அதற்கப்புறம் கதை தலைகீழாகப் புரண்டது. 1986-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மரி, ஜென்னிங்ஸ், ரைமர் மூவரும் நாயின் இதய ரத்தக்குழாயை ஐந்து ஐந்து நிமிஷமாக நான்கு முறை அடைத்துத் திறந்தார்கள். பிறகு 40 நிமிஷம் அடைத்தார்கள். முன்பே சின்னச் சின்ன அடி வாங்கியிருந்த இதயத்தில், மற்றவற்றில் செத்த தசையில் கால்வாசிதான் செத்தது. சிறு பட்டினி பெரும் பட்டினிக்குப் பழக்கிவிடுகிறது. 1997-இல் இன்னொரு வியப்பு: அடைப்பே வேண்டாம், அடைப்புக்கு முன்னால் ஐசோஃப்ளுரேன் முகரவைத்தாலே விலங்குகளின் இதயத்துக்கு அந்தக் காப்பு கிடைக்கிறது. செல்லின் பொட்டாசியம் வாயில்களை அது திறந்துவிடுவது ஒரு காரணம் என்றார்கள். 2002-இல் பெல்ஜியத்தில் ஸ்டெஃபான் டி ஹெர்ட், பைபாஸ் நோயாளிகளில் செவோஃப்ளுரேன் பெற்றவர்களின் ரத்தத்தில், இதயக் காயத்தைக் காட்டும் ட்ரோபோனின் குறைவாக இருப்பதைக் கண்டார்.

கொலைகாரன் என்று பேர் வாங்கிய குடும்பத்தில் இருந்து ஒரு காவல்காரன்! யாருக்குத்தான் பிடிக்காது? எனக்கும் பிடித்தது.

ஆனால் 2019-இல் ‘மிரியட்’ ஆய்வு வந்தது. 13 நாடுகள், 36 மருத்துவமனைகள், 5400 பைபாஸ் நோயாளிகள். பாதிப் பேருக்கு முகரும் மயக்க மருந்து, மீதிப் பேருக்கு ரத்தக்குழாய் வழியாக மட்டும். ஒரு வருஷத்தில் இறந்தவர்கள் 2.8 சதவீதம், 3.0 சதவீதம். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. தொடர்வதில் பயனில்லை என்று ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

ஹைதராபாத்திலும் விலங்குகள்தான் சாட்சி சொல்லின. அவற்றை வைத்துச் சொன்ன தீர்ப்பு மனிதர்களிடம் பொய்த்தது. ஒரு நூற்றாண்டு கழித்து, நல்ல சேதி சொன்ன விலங்குகளின் சாட்சியமும் நாற்காலி வரைக்கும்தான் வந்தது, கட்டில் வரைக்கும் வரவில்லை. ஒரே வித்தியாசம், இந்த முறை யாரும் குருவின் பாடத்தைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. தாங்கள் ஆசைப்பட்டது கிடைக்கவில்லை என்று அவர்களே எழுதி வெளியிட்டார்கள். இரண்டு முறையிலும் நூற்றுக்கு 97 பேர் ஒரு வருஷம் தாண்டி உயிரோடு இருந்தார்கள் என்பதும் அதே தாளில்தான் இருக்கிறது.

மாமா பிழைத்தார். எந்த மருந்தில் மயங்கினார் என்று கேட்டேன். “அதெல்லாம் யாருக்குடா தெரியும்? அந்த டாக்டரு கையைப் புடிச்சிக்கிட்டு ஒண்ணு ரெண்டு எண்ணச் சொன்னாரு. நாலு வரைக்கும் எண்ணுனேன்” என்றார்.