முள் இறங்கும்போது: இனயம் கரையும் ஆயில் பிரஷரும்

இனயம்னு சொன்னதும் உங்கள்ல பலருக்கு 2016ல அறிவிச்ச துறைமுகத் திட்டமும், அதை எதிர்த்து நடந்த போராட்டமும்தான் ஞாபகம் வரும். இந்த எபிசோட் அதைப் பத்தி இல்ல. அதே கரையில, செய்தியில வராம நடந்த ஒரு மாற்றத்தைப் பத்தி: கடலுக்குப் போறவங்க எஞ்சினோட சத்தத்தையும் ஒரு சின்ன மீட்டரையும் சேர்த்துப் படிக்க வேண்டி வந்த கதை.

மேற்குக் கடற்கரையில இதுக்கு ஒரு முன்கதை இருக்கு. 1952ல இந்தியா நார்வேயோட ஒப்பந்தம் போட்டு, கொல்லம் பக்கத்துல நீண்டகரையில மீன்பிடித் திட்டம் தொடங்குச்சு. இருக்கிற வள்ளத்துலயே எஞ்சின் வைக்கலாம்ங்கிற யோசனை எடுபடல. அலை மேல ஏறி மணல்ல இறங்குற வள்ளத்துக்குக் கனமான எஞ்சின் ஒத்துவராது, புதுசா படகே கட்ட வேண்டியிருந்தது. துறைமுகம் இல்லாத குமரிக் கரைக்கு அதனால அந்த வழி உடனே திறக்கல. இங்க மாற்றம் வந்தது 1980கள்ல, முட்டத்துல பெல்ஜியக்காரர் பியர் ஜில்லே மாதிரி ஆட்கள் வளர்த்த பிளைவுட் படகோடும், பின்னாடி மாட்டுற அவுட்போர்டு மோட்டாரோடும்.

அந்த மோட்டார் வச்சிருந்த ஒருத்தர்கிட்ட, "ஆயில் பிரஷர் எவ்வளவு காட்டுது?"னு கேட்டிருந்தா சிரிச்சிருப்பார். அது டூ-ஸ்ட்ரோக். எரிபொருள்லயே ஆயிலைக் கலந்து ஊத்துவாங்க. தனியா ஆயில் தொட்டி கிடையாது, பம்ப் கிடையாது, மீட்டரும் கிடையாது. கலவை தப்பானா பிஸ்டன் பிடிச்சுக்கும், அவ்வளவுதான். நின்னாலும் பெரும்பாலும் கரை பக்கம்தான், துடுப்பு இருக்கு.

ஆழ்கடல் போட்டுக்கு இந்தக் கணக்கு செல்லாது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, இனயம்புத்தன்துறைன்னு இந்த வட்டார ஊர்க்காரங்க வாரக்கணக்குல கடல்ல தங்கி சூரையும் சுறாவும் பிடிக்கிறவங்க. குஜராத் பக்கம், லட்சத்தீவு பக்கம், டீகோ கார்சியா அருகே வரைக்கும் போய்ப் பிடிபட்ட போட்டுகளும் உண்டு. உள்ளே இருக்கிறது டீசல் எஞ்சின், பல சமயம் லாரி எஞ்சினோட நெருங்கின சொந்தம். போர் வேலை பார்த்துப் பார்த்து வருஷக்கணக்கா ஓட்டுவாங்க. அதுல ஆயில் பிரஷர் மீட்டர் இருக்கு. அந்த முள் இறங்கினா என்ன அர்த்தம்?

இதுக்கு லண்டனுக்கு ஒரு நடை போயிட்டு வரணும். 1883. பீச்சம்ப் டவர்னு ஒரு எஞ்சினியர், ரயில் அச்சு சுத்துற பேரிங்ல உராய்வை அளந்துக்கிட்டிருந்தார். ஆயில் விட பேரிங் உச்சியில ஒரு ஓட்டை போட்டார். ஆயில் உள்ளே போகாம வெளியே பொங்குச்சு. கார்க் வச்சு அடைச்சார், தள்ளிடுச்சு. மரக்கட்டை அடிச்சார், அதையும் தள்ளிடுச்சு. மீட்டர் மாட்டினா முள் 200 பி.எஸ்.ஐ.யையும் தாண்டிப் போச்சு. அங்க பம்ப்பே கிடையாது! சுத்துற அச்சே ஆயிலை இடுக்குக்குள்ள இழுத்து அழுத்தத்தை உண்டாக்குது. இதுக்குக் கணக்கு எழுதினவர் மான்செஸ்டர்ல இருந்த ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ், 1886ல.

எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான்: கிராங்க்கைத் தாங்கிப் பிடிக்கிறது பம்ப்போட பிரஷர் இல்ல. சுழற்சியில உருவாகுற அந்தப் படலம். பம்ப்போட வேலை ஆயிலைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அப்ப மீட்டர் எதைக் காட்டுது? பேரிங் இடுக்கு வழியா ஆயில் எவ்வளவு சுலபமா வெளியேறுதுன்னு. ஒரே பிரஷர்ல இடைவெளி ரெண்டு மடங்கானா கசிவு எட்டு மடங்காகும். பம்ப் ஒரு சுத்துக்கு இவ்வளவுதான்னு கொடுக்கும், அதனால தேஞ்ச எஞ்சின்ல முள் இறங்கும். ஆயில் சூடாகித் தண்ணியாகும்போது இன்னும் இறங்கும். காலையில ஸ்டார்ட் பண்ணும்போது நல்லா இருக்கு, மதியம் ஐடிலிங்ல படுத்துக்குதுன்னா பெரும்பாலும் இதுதான்.

ஆனா முள் பொய்யும் சொல்லும். அனுபவசாலி எஞ்சினைப் பிரிக்க மாட்டார். முதல்ல டிப் ஸ்டிக் எடுத்து அளவு பார்ப்பார். அப்புறம் தொட்டு, முகர்ந்து பார்ப்பார். டீசல் வாசனை வந்து ஆயில் தண்ணியா இருந்தா நாசிலோ டீசல் பம்ப்போ கசியுது. பால் காபி நிறத்துல இருந்தா உள்ள தண்ணி போயிருக்கு. அடுத்து வேற ஒரு மெக்கானிக்கல் மீட்டரை மாட்டிப் பார்ப்பார். ஏன்னா கடல் உப்புக்காத்து சென்சாரையும் ஒயரையும் முதல்ல தின்னும்.

சத்தம் இன்னொரு சாட்சி. நீளமான ஸ்க்ரூடிரைவர் முனையை எஞ்சின்ல வச்சு, பிடியைக் காதுல வச்சுக் கேட்பாங்க. மேல வால்வு பக்கம் லேசா 'டிக் டிக்'னு, கிராங்க் சுத்துற வேகத்துல பாதி வேகத்துல வந்தா டேப்பெட். அதோட போட் ஓடும். கீழ இருந்து கனமா, லோடு ஏற ஏற 'டங் டங்'னு வந்தா கனெக்டிங் ராடு பேரிங். எந்த சிலிண்டர்னு கண்டுபிடிக்க ஒவ்வொரு நாசில் பைப்பா லூஸ் பண்ணுவாங்க. எதை லூஸ் பண்ணும்போது சத்தம் அடங்குதோ அதுதான். சில பேர் கெட்டி ஆயில் ஊத்தி முள்ளை ஏத்திக்குவாங்க. முள் ஏறும், தேய்மானம் அப்படியேதான் இருக்கும். கரைக்குத் திரும்புற வழியில செஞ்சா புரியும். விற்கப்போற போட்ல செஞ்சா அது வேற விஷயம்.

நானூறு கடல் மைல் தள்ளி முள் சரியும்போது டிரைவர் முன்னாடி இருக்கிற கேள்வி சின்னது. முள் மட்டும் இறங்கி, சத்தம் இல்லன்னா, ஆயில் ஊத்தி, வேகத்தைக் குறைச்சு, மெதுவா திரும்பலாம். முள்ளும் இறங்கி, கீழ தட்டலும் வந்தா உடனே நிறுத்தணும். இல்லன்னா ராடு முறிஞ்சு பிளாக்கையே உடைக்கும். நிறுத்தினா போட் மிதந்து போகும். 2017 ஒக்கிக்கு அப்புறம், எஞ்சின் நின்ன போட் அலைக்குத் தலை திருப்ப முடியாதுங்கிறதை இந்தக் கரையில யாருக்கும் விளக்க வேண்டியதில்ல.

இன்னொரு போட் வந்து கயிறு கட்டி இழுத்துக்கிட்டு வரும். இழுக்குற போட்டோட டீசலும் மீன்பிடி நாளும் போகும். அதனாலதான் கிளம்புறதுக்கு முந்தின நாள் சிலர் எஞ்சினை ஒரு மணி நேரம் ஓட்டி, நல்லா சூடாக்கி, ஐடிலிங்ல முள் எங்க நிக்குதுன்னு பார்த்துக் குறிச்சு வச்சுக்கிறாங்க.