ரூபிளுக்கும் ரூபாய்க்கும் நடுவில் ஒரு மொழி

அந்நிய பாஷை படித்துப் பிழைப்பது நம் ஆட்களுக்குப் புதிதில்லை. பாண்டிச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1747-ல் துய்ப்ளேயிடம் தலைமை துபாஷி ஆனவர். துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர், அவ்வளவுதான். ஆனால் அந்த வேலைக்கு அன்றைக்குக் கல்லூரி கிடையாது. பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பட்டம் வாங்கி, அதைக் கையில் வைத்துக்கொண்டு வேலை தேடுவது என்பது பெரிய அளவில் சுதந்திரத்துக்குப் பிறகு வந்த சமாச்சாரம்.

இதை எழுதக் காரணம், வேலை நிமித்தம் நான் குடியிருக்கும் இந்த பிலாய் ஊர். இங்கே இருக்கிற தமிழ்க் குடும்பங்களில் இப்போது பலர் கேட்பது, "சார், பொண்ணு ஃபாரின் லாங்குவேஜ் படிக்கணும்கிறா, சோறு கிடைக்குமா?" என்றுதான். பேங்க்காரன் என்பதால் கல்விக்கடனோடு சேர்த்து இந்தக் கேள்வியும் என் மேஜைக்கு வந்துவிடுகிறது. நான் வெறும் பி.காம். மொழியியல் எல்லாம் தெரியாது. ஆனால் இந்த ஊரின் சரித்திரத்திலேயே அதற்குப் பதில் இருக்கிறது. ருஷ்ய மொழி படித்தவர்களின் கதை அது.

1953 டிசம்பரில் இந்தியாவும் சோவியத் யூனியனும் ஒரு வர்த்தக ஒப்பந்தம் போட்டன. அதில் முக்கியமான விஷயம், பணம் ரூபாயில்தான் கைமாறும். டாலர் வேண்டாம். நாம் தேயிலை, காபி, தோல், துணி அனுப்புவோம்; அவர்கள் இயந்திரங்கள் அனுப்புவார்கள்; கணக்கு ரூபாயில் ஓடும். டாலருக்குத் திண்டாடிக்கொண்டிருந்த நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று அந்நியச் செலாவணிப் பிரிவில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

1955 பிப்ரவரியில் பிலாய் உருக்காலைக்கு ஒப்பந்தம். 1959 பிப்ரவரி 4-ல் முதல் ஊதுலையைத் திறந்து வைத்தவர் ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத். அப்போது ஆலையின் திறன் ஆண்டுக்கு 10 லட்சம் டன். நம் நெய்வேலி முதல் அனல்மின் நிலையமும் சோவியத் உதவிதான். 1962-ல் முதல் யூனிட் ஓடியது. இப்படி எங்கே ஆலை எழுந்தாலும் கூடவே வந்த தலைவலி, வரைபடமும் கையேடும் ருஷ்ய மொழியில். நிபுணர்களில் பலருக்கு ஆங்கிலம் வராது, நம் இன்ஜினியர்களுக்கு ருஷ்யன் வராது. நடுவில் நிற்க ஆள் வேண்டும். ஊதுலைப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இலக்கியம் தெரிந்தவர் மட்டும் போதாது, இரும்பும் தெரிந்திருக்க வேண்டும்.

படிப்பு வந்தது இந்தத் தேவைக்குப் பின்னால்தான். ராணுவ அமைச்சகத்தின் வெளிநாட்டு மொழிப் பள்ளி 1948-லேயே இருந்தது. 1965-ல் ருஷ்ய மொழிக்கென்றே டெல்லியில் தனி நிறுவனம் தொடங்கினார்கள். 1969-ல் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் வந்ததும் அது அதனோடு சேர்ந்தது. ஐதராபாத்தில் 1958-ல் ஆங்கிலத்துக்காகத் தொடங்கிய மத்திய நிறுவனம், 1972-ல் வெளிநாட்டு மொழிகளையும் சேர்த்துக்கொண்டது. 2007-ல் மத்தியப் பல்கலைக்கழகம் ஆகிவிட்ட இஃப்லூ அதுதான். மாஸ்கோவில் 1960-ல் ஆரம்பித்த மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகத்துக்கு இங்கிருந்து போன மாணவர்கள், முதலில் மொழியைப் படித்துவிட்டுத்தான் பாடத்துக்குள் நுழைந்தார்கள்.

தமிழில் நமக்குக் கிடைத்த லாபம் புத்தகங்கள். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் புத்தகங்களை நியூ செஞ்சுரி புக் ஹவுஸில் மலிவு விலைக்கு வாங்கிய தலைமுறை நம் அப்பாக்களும் மாமாக்களும். அவற்றை மொழிபெயர்த்த ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் போன்றவர்கள் மாஸ்கோவிலேயே தங்கி வேலை பார்த்தவர்கள். மொழிபெயர்ப்பை முழுநேர உத்தியோகமாகச் செய்து சம்பளம் வாங்க முடிந்த காலம் அது.

1991 டிசம்பரில் சோவியத் யூனியனே இல்லாமல் போயிற்று. தமிழ்ப் புத்தகங்கள் வருவது நின்றது. ரூபாய் வர்த்தகம் குலைந்தது. பாக்கியை எந்த மாற்று விகிதத்தில் கட்டுவது என்று இழுபறி. 1993 ஜனவரியில் யெல்ட்சின் டெல்லி வந்தபோதுதான் அது முடிவுக்கு வந்தது. கடனில் ஒரு பகுதியை 12 வருஷத்திலும், மீதியை வட்டியில்லாமல் 45 வருஷத்திலும் கட்டுவதாக ஏற்பாடு. கடனுக்குத் தவணை கிடைத்தது. பத்து வருஷம் ஒரு மொழியைக் கரைத்துக் குடித்தவனுக்கு யார் தவணை கொடுப்பார்கள்?

எங்கள் பாஷையில் இதை ஒரே பார்ட்டிக்கு மொத்தப் பணத்தையும் கடன் கொடுத்த கதை என்போம். பார்ட்டி படுத்தால் கிளையும் படுக்கும்.

ஆனால் எல்லோரும் படுத்துவிடவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. தொண்ணூறுகளில் டெல்லிக்குத் துணியும் தோல் ஜாக்கெட்டும் வாங்க வந்த ருஷ்யச் சில்லறை வியாபாரிகளுக்குப் பேரம் பேசிக் கொடுத்துப் பிழைத்தவர்கள் உண்டு. பிறகு கோவாவுக்கு ருஷ்ய சுற்றுலாக்காரர்கள் வந்தார்கள். 1998-ல் பிரம்மோஸ் கூட்டு நிறுவனம். 1988-ல் கையெழுத்தாகி, 2002-ல் கட்டுமானம் தொடங்கிய கூடங்குளம் 2013-ல் மின்சாரம் தந்தது. அதே வருஷம் விக்கிரமாதித்யா கப்பல் நம் கைக்கு வந்தது. எங்கள் தொழிலிலும் பாருங்கள், ஸ்டேட் வங்கியும் கனரா வங்கியும் சேர்ந்து 2003-ல் மாஸ்கோவில் ஒரு வங்கியே தொடங்கின. (கனரா தன் பங்கை 2022-ல் ஸ்டேட் வங்கிக்கே விற்றுவிட்டது.) இந்த இடங்களில் தேவைப்பட்டது வெறும் ருஷ்யன் தெரிந்தவர் இல்லை. ருஷ்யனோடு அணுமின் நிலையமோ, கப்பலோ, ஏற்றுமதி டாக்குமென்டோ தெரிந்தவர்.

ஆக, கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மொழியைத் தாராளமாகப் படிக்கட்டும். ஜே.என்.யு.வில் பிளஸ் டூ முடித்தவுடனேயே மொழியில் பி.ஏ. ஆனர்ஸ் சேரலாம், 2022 முதல் அதற்கு க்யூட் நுழைவுத் தேர்வு. ஐ.எஃப்.எஸ். தேறினால் அரசாங்கமே ஒரு மொழியை ஒதுக்கிப் படிக்க வைக்கும். ஆனால் மொழியோடு இன்னொரு தொழில் அறிவும் வேண்டும். சட்டமோ, கணக்கோ, மருந்தோ, கம்ப்யூட்டரோ, ஏதோ ஒன்று. சாதாரணக் கடிதத்தை இப்போது மெஷினே மொழிபெயர்த்துவிடுகிறது. ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து தப்பாக இருந்தால் அதைப் பிடிக்க, விஷயம் தெரிந்த மனுஷன்தான் வேண்டும்.

இரண்டாவது, எந்த நாட்டின் மவுசையும் நிரந்தரம் என்று நம்பாதீர்கள். இன்றைக்கு ஜெர்மன், ஜப்பான், கொரியன் என்று ஓடுகிறோம். அன்றைக்கு ருஷ்யன் இதைவிட வேகமாக ஓடியது. அதே சமயம், மவுசு போய்விட்டது என்று தலை முழுகவும் வேண்டாம். 2022 ஜூலையில் ரிசர்வ் வங்கி, வெளிநாட்டு வர்த்தகத்தை ரூபாயிலேயே தீர்க்க வழி செய்து சுற்றறிக்கை விட்டது. அதன்படி கணக்கு திறந்தவற்றில் ருஷ்ய வங்கிகளும் உண்டு. 1953-ல் போட்ட கணக்கு, வேறு ரூபத்தில் திரும்ப வந்திருக்கிறது. அதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டாமா?