மெஷ் வானொலிக் கணுக்கள்

மெஷ் வானொலிக் கணுக்கள் கம்பியின் துணையின்றிச் செய்தியை ஒன்றிடமிருந்து மற்றொன்று வாங்கிக் குறித்த இடத்திற்குச் சேர்ப்பிக்கும் சிறு கருவிகளாகும். ஒரு கணு பழுதுற்றாலும் செய்தி அண்டைக் கணுவின் வழியே வேறு மார்க்கம் தேடிக்கொள்ளுமாதலின், குன்றுகள் குறுக்கிடும் வண்டிப்பெரியார், பீர்மேடு போன்ற தேயிலைப் பிரதேசங்களுக்கு இம்முறை பெரிதும் இசைவானது.

இடுக்கி மாவட்டத்தில் இதற்குத் தக்க திருஷ்டாந்தம் மூணாறு அந்தோணியார் காலனியில் உள்ளது. 2005-இல் மண் சரிந்த அம்மலைச்சரிவில் அமிர்தா விசுவ வித்யாபீடத்தார் ஸ்தாபித்த நிலச்சரிவு எச்சரிக்கை அமைப்பில், ஆழ்துளைகளில் இறக்கிய நீரழுத்தமானிகளும் சாய்வுமானிகளும் கண்டறிந்தவற்றைக் கணுக்கள் கைமாற்றி வாயில் நிலையத்தில் சேர்க்க, அங்கிருந்து அவை செயற்கைக்கோள் வழியே அமிர்தபுரி ஆய்வுக்கூடத்தை அடைந்தன. மழைக்கால இரவில் லயங்களில் உறங்கும் தொழிலாளர் குடும்பங்களை எண்ணும்போது, இதனினும் சிறந்த உபயோகம் இக்கருவிகளுக்கு உண்டென்று தோன்றவில்லை.

இத்தகைய கணுக்களுள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் ஜிக்பீ என்னும் வகையில் 16 அலைவழிகள் உண்டு. வைஃபையின் இடையூறு மிகாத அலைவழியைத் தெரிந்து, எல்லாக் கணுக்களுக்கும் ஒரே வலை எண்ணை அளித்து, ஒருங்கிணைப்பாளராக ஒன்றை மட்டுமே நியமித்தல் வேண்டும். கடைக்கணுக்கள் உறங்கி மின்சக்தியைச் சேமிக்கலாம். செய்தியைக் கடத்தும் இடைக்கணுக்களோ சதா விழித்திருக்க வேண்டுவதால், அவற்றிற்குச் சூரிய மின்தகடு அவசியம். ஈரமான இலைகள் அலையை உறிஞ்சுமாதலின் ஆன்டெனாவைத் தேயிலைச் செடிகளுக்கு மேலாக உயர்த்துவர். அடர்ந்த மரச்சோலைகளில், இந்தியாவில் உரிமமின்றி அனுமதிக்கப்பட்ட 865–868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அதிகத் தொலைவு செல்லும்.