ஒழுங்கையில் ஒரு கயிறு போதும்: பட்மின்டனின் அடிப்படை அடிகள்

கண்டி நகரைத் தினமும் துப்புரவு செய்யும் மாநகர சபைத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் இடம் மஹய்யாவ. ஆங்கிலேயர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். நெருக்கமான லயன் வீடுகள், ஒடுங்கிய பாதைகள். பிள்ளைகள் ஓடி விளையாட இடம் குறைவு.

பட்மின்டனும் அதே காலத்தில் உருவானதுதான். இந்தியாவின் பூனாவில் ஆங்கிலேய இராணுவ அதிகாரிகள் ஆடி, 1870களில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோன ஆட்டம் இது. இன்றும் உள்ளரங்கு, வாடகை, இறகுப்பந்து என்று செலவு வைக்கும் விளையாட்டுத்தான். ஆனால் அடிப்படை அடிகளைப் பழகுவதற்கு இவை கட்டாயமில்லை.

தேவையானவை

முழு ஆடுகளம் 44 அடி நீளம், 20 அடி அகலம். வலையின் நடுப்பகுதி நிலத்திலிருந்து சரியாக 5 அடி உயரம். ஒழுங்கையின் இரு பக்கத்திலும் 5 அடி உயரத்தில் கயிறு கட்டினால் வலை தயார். இறகுப்பந்தில் 16 இறகுகள் இருக்கும்; எடை 4.74 முதல் 5.50 கிராம் வரை மட்டுமே. காற்று அதை எளிதில் இழுத்துவிடும். ஆகவே வெளியில் ஆட நைலோன் பந்தே நல்லது, நெடுநாள் உழைக்கும். காற்றில்லாத காலை வேளை பழகுவதற்கு உகந்தது.

பிடி

ஒருவருடன் கைகுலுக்குவது போல மட்டையின் கைப்பிடியைப் பிடியுங்கள். பின்கை அடிக்குப் பெருவிரலைக் கைப்பிடியின் அகன்ற பக்கத்தில் வைக்க வேண்டும். இறுக்கிப் பிடிப்பதே புதியவர்கள் விடும் பெரிய தவறு. தளர்வாகப் பிடித்து, பந்தில் மட்டை படும் கணத்தில் மட்டும் இறுக்குங்கள்.

சேர்வ்

கீழிருந்து மேலாக, மூலைவிட்டமாக அடிக்க வேண்டும். பந்தை அடிக்கும்போது அது முழுவதும் நிலத்திலிருந்து 1.15 மீற்றருக்குக் கீழே இருக்க வேண்டும். குட்டை சேர்வ், வலையை ஒட்டிச் சென்று, வலையிலிருந்து ஆறரை அடியில் உள்ள கோட்டைத் தாண்டியவுடன் விழ வேண்டும். அந்தக் கோட்டைச் சுண்ணக்கட்டியால் கீறிக்கொண்டு பழகலாம்.

கிளியர்

தலைக்கு மேலாக அடித்து, பந்தை எதிராளியின் பின்கோட்டுக்கு அனுப்புவது. நீங்கள் நடுவுக்குத் திரும்ப இது நேரம் தரும். உடலைப் பக்கவாட்டில் திருப்பி, கையை முழுதாக நீட்டி, உயரத்திலேயே பந்தைச் சந்தியுங்கள்.

டிரொப்

கிளியரின் அதே கைவீச்சு. கடைசிக் கணத்தில் வேகத்தைக் குறைத்தால் பந்து வலைக்கு அப்பால் உடனே இறங்கும். கிளியர் என்று எதிராளி நினைத்து ஏமாறுவதிலேயே இதன் பலன் உள்ளது.

ஸ்மாஷ்

பந்தை உடலுக்குச் சற்று முன்னால் சந்தித்து, கீழ்நோக்கி வேகமாக அடிப்பது. இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் 2023இல் மணிக்கு 565 கிலோமீற்றர் வேகத்தில் அடித்துச் சாதனை படைத்தார். பிள்ளைகள் முதலில் ஆசைப்படுவது இதற்குத்தான். கிளியர் சரியாக வந்தபின் பழகினால் தோள் நோகாது. வேகம் முன்கையின் சுழற்சியிலிருந்து வரும்.

டிரைவ், வலையடி

டிரைவ் என்பது தோள் உயரத்தில் தட்டையாகச் செல்லும் அடி. இதைச் சுவரில் அடித்தே தனியாகப் பழகலாம். வலையடிக்கு வீச்சே வேண்டாம். ஒரு காலை முன்வைத்து, மட்டையை நீட்டி, பந்தை மெல்ல அப்பால் தட்டிவிட்டால் போதும்.

பழகும் ஒழுங்கு

முதலில் பிடியும் சேர்வும். அடுத்து கிளியர், டிரொப், வலையடி, டிரைவ். ஸ்மாஷ் கடைசியில். ஒவ்வொரு அடிக்குப் பின்னும் நடுவுக்குத் திரும்பும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கொண்டுவாருங்கள்.

உடல் தடையல்ல

போரில் கையோ காலோ பாதிக்கப்பட்டவர்களும் இந்த அடிகளைப் பழகலாம். டோக்கியோ பராலிம்பிக்கில் பட்மின்டன் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. சக்கர நாற்காலியில் ஆடுவோருக்கும், கால், கை பாதிப்புள்ளோருக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. சக்கர நாற்காலி ஒற்றையர் ஆட்டம் பாதி அகலத்திலேயே நடக்கும். 2024 பாரிஸ் பராலிம்பிக்கில் கை பாதிப்புள்ள பெண்கள் பிரிவில் தமிழ்நாட்டின் துளசிமதி முருகேசன் வெள்ளியும், மனிஷா ராமதாஸ் வெண்கலமும் வென்றார்கள்.

இலங்கையின் நிலூக்க கருணாரத்ன 2012 லண்டன் ஒலிம்பிக்கில், உலகின் முன்னணி வீரர்களில் ஒருவரான ஜப்பானின் கெனிச்சி தாகோவை நேர் செட்களில் வென்றார். அவரும் பழகியது இதே அடிகளைத்தான். மஹய்யாவ பிள்ளை ஒன்று அந்த இடத்துக்குப் போகுமா என்பது பயிற்றுவிப்பாளரும் அரங்கும் கிடைப்பதைப் பொறுத்தது. அதைக் கொடுக்க வேண்டிய பொறுப்பு நகரத்துக்கு உண்டு. அதுவரை ஒழுங்கையில் கட்டிய கயிற்றை அவிழ்க்க வேண்டாம்.