முள் நின்ற இடம்

நிலையம் அருகிலிருந்தால் நேயர்களும் அதனோடு இருப்பார்கள் என்பது ஒரு எளிய நம்பிக்கை. தாம்பரத்தை வைத்து இதைச் சோதிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16இல் தொடங்கியது. தாம்பரத்திலிருந்து மின்ரயிலில் போய்வரும் தூரம்தான். கொழும்போ அறுநூறு கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனாலும் ஐம்பதுகளிலிருந்து புறநகர் வீடுகளில் ரேடியோ முள் பெரும்பாலும் இலங்கை வானொலியில்தான் நின்றது.

காரணங்கள் இரண்டு. ஒன்று, பௌதிகம். சிற்றலை வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பித் தொலைவில் இறங்கும். இரண்டாம் உலகப்போரில் நேசநாட்டுப் படைகளுக்காக இலங்கையில் நிறுவிய சக்திமிக்க ஒலிபரப்பிகளுக்குக் கடல் ஒரு தடையே அல்ல. மற்றது, ரசனை குறித்த அதிகாரம். 1952இல் அமைச்சரான பி. வி. கேஸ்கர் சினிமாப் பாட்டைக் கொச்சை என்று கருதி ஏறக்குறைய வெளியேற்றினார். அதைக் கொழும்பு வரவேற்றது. மயில்வாகனத்தின் குரல் இங்கே வீட்டுக்குரலாயிற்று. 1957 அக்டோபர் 3இல் வந்த விவித பாரதி, தாமதமான பதில்.

1977 ஜூலை 23இல் சென்னையில் பண்பலை வந்தது. ஏறத்தாழ கோபுரத்தின் பார்வை எட்டும் தூரமே அதன் எல்லை. இடம் தன் ஆட்சியை மீட்டுக்கொண்டது. இன்று பண்பலையில் நகரம் பேசுகிறது, தாம்பரம் கேட்கிறது. பக்கத்து அதிகாரம் மறுத்ததைத் தூரத்தில் தேடிக்கொள்ளும் வசதி அந்தப் பழைய முள்ளில் இருந்தது. அதை நேயர்களின் சபலம் என்று ஒதுக்க நான் தயாராயில்லை. அது ஒரு விமர்சனம்.